செலவு

அதன் பெயர் செலவு.
வைத்தவர் என் வீட்டுக்காரர்.
பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால்
டானிங்டன் பஸ் ஸ்டாப்பில் நனைந்து கிடந்ததைப்
பள்ளிப் பைக்குள் போட்டு
சுகிர்தா கொண்டுவந்த சாயங்காலம்,
கூரைத் தகரத்துக்கு வாங்கிய கடனை
ரசீது ரசீதாகக் கூட்டிக்கொண்டிருந்தவர்
தலை நிமிராமல் கேட்டார்:
இன்னொரு செலவா?
அது வாலை ஆட்டிவிட்டது.
கால்நடை ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது.

இப்போது அதற்குக் காது கேட்காது.
குக்கர் விசில், தீபாவளி வெடி,
தேயிலை ஃபேக்டரிச் சங்கு, எதுவும் இல்லை.
வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தால் மட்டும்
மூன்று அறை தாண்டி வந்து நிற்கும்.

சுகிர்தா திருப்பூரில்.
தயாபரன் ஷார்ஜாவில்.
இரண்டு பேரும் பேசிக்கொண்டு ஐந்து மாதமாகிறது.
ஒரு ஸ்கூட்டர் பாக்கி,
அதற்கு மேல் யாரோ சொன்ன ஒரு சொல்.
ஞாயிறு காலை அவனோடு, மாலை இவளோடு.
இருவரும் முதலில் நாயைக் காட்டு என்பார்கள்,
அப்புறம்தான் அப்பாவின் சர்க்கரை,
அப்புறம் என் முழங்கால்.
நடுவில் நான் தபால்காரி.
ஒருத்தர் கடிதத்தை இன்னொருத்தர் வாசலில்
வைக்கத் தைரியமில்லாத தபால்காரி.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஒன்றுக்குப் போகக் கதவைத் திறந்துவிட்டேன்.
பத்து மணி ஆயிற்று. திரும்பவில்லை.
போன வாரம்தான் அரவேனுவில்
சிறுத்தை நடந்ததைக் கேமராவில் பார்த்திருந்தோம்.
அந்த வீட்டு வாசலில் சங்கிலி மட்டும் கிடந்ததாம்.

குரங்குக் குல்லாயும் டார்ச்சுமாக இவர் இறங்கினார்.
மூடுபனியில் நாலு அடிக்கு மேல் வெளிச்சம் போகவில்லை.
காது கேளாத நாயைப்
பேர் சொல்லிக் கூப்பிடுவது பைத்தியக்காரத்தனம்.
கூப்பிடாமல் இருக்க முடிகிறதா?
செலவு! செலவு! என்று
தேயிலைச் செடிகளுக்குள் அவர் கத்த,
புதிதாகக் குடிவந்த மேல்வீட்டுக்காரர்
ஜன்னலைத் திறந்து
எவ்வளவுங்க? என்றார் தூக்கத்தில்.

நான் யோசிக்கவில்லை.
இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்துவிட்டேன்.
முதலில் இரண்டு மௌனம்.
பிறகு அவள்: மரக்கொட்டகையில பாத்தியாம்மா?
பிறகு அவன்: அக்கா, அங்க எலி இருக்கு, போகாது.
அக்கா.
ஐந்து மாதம் கழித்து அந்தச் சொல்
ஷார்ஜாவிலிருந்து திருப்பூருக்கு
என் சமையலறை வழியாகப் போயிற்று.

போனை மேடையில் சாய்த்து வைத்துவிட்டுக்
குளியலறை விளக்கைப் போட்டேன்.
பாய்லருக்குப் பின்னால்,
விறகுச் சிராய்ச் சாக்கின் மேல்,
வயிறு ஏறி இறங்க
உலகத்துக் கவலை ஒன்றுமில்லாமல்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.
எப்போது உள்ளே வந்ததோ.

கிடைத்துவிட்டது என்று
வாய் வரைக்கும் வந்தது.
சமையலறையில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்,
மாதாந்திரத் தேர்வு மார்க் அட்டையை
அது தின்ற கதையை.
தின்னலக்கா, நான்தான் ஊட்டினேன், என்றான் அவன்.
அவள் சிரித்தாள். சிரித்து, இருமி,
டேய் நீ சாப்பிட்டியாடா, என்றாள்.

நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
செலவின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு.
சூடாக இருந்தது.
வெளியே இன்னும் டார்ச் வெளிச்சம் அலைந்தது.
பாவம், முழுக்க நனைந்திருப்பார்.
நனையட்டும், பத்து நிமிஷம்.
முப்பது வருஷத்தில் நான் இவரிடம்
வேறென்ன கேட்டேன்?

மறுநாள் அவருக்கு மூக்கு ஒழுகியது.
மிளகு ரசம் வைத்தேன்.
எங்கே, எப்போது கிடைத்தது என்றதற்கு
நீங்க வந்தப்பதான், என்றேன்.

தயாபரன் மெசேஜ் அனுப்பியிருந்தான்:
அக்காகிட்ட சொல்லு, ஸ்கூட்டர் காசு அவசரமில்ல.
நீயே சொல்லேன்டா, என்றேன்.
பாக்கலாம், என்றான்.

வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
கால் நகங்கள் சிமெண்ட் தரையில் டக் டக்கென்று,
வருகிறது.